ஒரு பலாவிலைக் கூழ்

"ஒரு நீத்துப்பெட்டி... ஒண்டு... முக்கால்! முக்காலுக்கும் கேள்வியில்லையோ?" என்று தியாகலிங்கம் குசினி வாசலில் நின்று கூவிக்கொண்டிருக்கிறார். உள்ளே பனையோலை நீத்துப்பெட்டியில் புட்டு அவிகிறது. மனைவி ஞானாம்பிகை திரும்பிப் பார்ப்பதில்லை. அகப்பையால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு. அவ்வளவுதான். "அரை!" என்று அவர் தாமாகவே இறங்குகிறார். "அரை ஒரு தரம், அரை ரெண்டு தரம், அரை மூண்டு தரம்!" ஏலம் முடிந்தது. அரை நீத்துப்பெட்டிப் புட்டும், அதை மூடி மறைக்கும் அளவுக்கு முருங்கையிலை வறையும், பக்கத்தில் பெரிய துண்டாக விளைமீன் குழம்பும் சாப்பாட்டுக் கோப்பைக்கு வருகின்றன.

இந்த வீட்டில் எல்லாக் காலையும் இப்படித்தான். இன்று அவர்கள் வீட்டில் என்ன சமையல், அதில் அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சுவர்மணிக்கூடு நின்று நெடுங்காலமாகிறது. திருத்தக் கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

தியாகலிங்கம் பருத்தித்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். விடியற்காலையில் வள்ளங்கள் கரை தட்டியதும் அவருடைய வாய் திறக்கும். ஈரச் சீமெந்துத் தரையில் மீன் குவியல் குவியலாகக் கிடக்க, நடுவில் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, வலது கையை வீசி வீசி விலையை ஏற்றுவார். ஆள் கட்டை. குரல் மட்டும் வேறு யாருக்கோ செய்து தவறுதலாக இவருக்குப் பொருத்திவிட்டது போலிருக்கும். சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் இவர் ஒரு பாரைக்கு விலை கூறினால், அக்கரையில் கோடிக்கரையிலிருந்து ஒருவர் அதற்கு மேலே கேட்பாராம். கேட்டவரை நான் கண்டதில்லை. கண்டவரைக் கண்டிருக்கிறேன். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை.

வாழ்நாள் முழுவதும் தொகையை ஏற்றியே பிழைத்த மனிதரிடம், அறுபதை எட்டிப் பார்க்கும் வயதில், ஒரு தொகையை இறக்கும்படி சொன்னார்கள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

"என்ரை தொழிலுக்கு நேரெதிரான வருத்தம் இது, ரீச்சரக்கா," என்று வேலிக்கு மேலால் எனக்கு அறிவித்தார். "ஏத்தச் சொன்னால் நான் இமயமலைக்கு ஏத்துவன். இறக்கிறதுக்கு எனக்குப் பழக்கமில்லை."

கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் நிரோஜா. இவருடைய மகள் வயது. அவர் உடனே மருந்துக் குளிசை எழுதவில்லை. இப்போதுதான் துவங்கியிருக்கிறது, முதலில் சாப்பாட்டாலும் நடையாலும் குறைத்துப் பார்ப்போம் என்று ஒரு தவணை கொடுத்தார். தியாகலிங்கம் வீட்டுக்கு வந்து சீனிப் போத்தலை எடுத்து, வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தந்துவிட்டார். அதோடு வருத்தம் எங்கள் வளவுக்கு மாறிவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்று மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அது சித்திரையில் வந்தது. தொகை இறங்கவில்லை, ஏறியிருந்தது. டொக்டர் நிரோஜா விசாரணையைத் தொடங்கினார். அந்த உரையாடலைத் தியாகலிங்கமே இரண்டு குரலிலும் எங்களுக்கு நடித்துக் காட்டியிருப்பதால் பிழையில்லாமல் தர முடிகிறது.

"ஐயா, தேத்தண்ணிக்குச் சீனி போடுறியளோ?"

"சீச்சீ. சீனியை நான் வீட்டாலை கலைச்சுப் போட்டன்."

"அப்ப சும்மாவோ குடிக்கிறனியள்?"

"பனங்கட்டி கடிச்சுக் குடிப்பன்."

"எவ்வளவு?"

"ஒரு கடி. தேத்தண்ணி மிஞ்சினால் இன்னொரு கடி. பனங்கட்டி மிஞ்சினால் இன்னொரு தேத்தண்ணி."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தாராம். "பனங்கட்டியும் இனிப்புத்தானே ஐயா. அதுவும் சீனியை ஏத்தும்."

"பிள்ளை, உமக்கு எந்த ஊர்?"

"கொழும்புத்துறை."

"அப்ப உமக்குப் பனையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பனை எங்கடை மரம். சண்டைக் காலத்திலை பங்கருக்கு மேலை குத்தியாய்க் கிடந்து எங்களைக் காப்பாத்தின மரம். அது இப்ப வந்து என்னைக் கொல்லுமோ?"

"நல்ல மரம்தான் ஐயா. ஆனா எந்த மரத்தாலை வந்ததெண்டு உங்கடை ரத்தம் கேக்காது."

இந்தப் பதில் அவரைப் பெரிதும் புண்படுத்தியது. தமக்காக அல்ல, பனைக்காக. சில நாட்கள் வளவில் நின்ற பனைகளின் பக்கம் நிமிர்ந்து பார்க்காமலே நடந்தார். பனங்கட்டிக் குட்டான்களும் வேலி தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இந்த வருத்தத்தால் மிகவும் நன்மையடைந்தவள் நான்தான்.

அன்றிலிருந்து சாப்பாடு ஏலத்துக்கு வந்தது. சோறு கீழே, மரக்கறி மேலே. குரக்கன் தானியம் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மலையாகக் குவித்துச் சாப்பிட்டதும் நின்றது. பருத்தித்துறை வடை என்றால் ஒன்று, அதுவும் நடந்து போய் வாங்கி நடந்து வந்த நாளில் மட்டும். கனடாவிலிருந்து மகள் தர்சினி அனுப்பிய சீனி பார்க்கும் கருவியில் விரலைக் குத்தி ஒரு சொட்டு வைப்பார். இலக்கம் தெரிந்ததும் தொழில் உள்ளே புகுந்துவிடும். "நூற்றறுபது! நூற்றறுபதுக்குக் கீழை ஆரும் கேக்கிறியளோ?" கருவி பேசாது. "கேள்வியில்லை," என்று சோர்ந்து சொல்லிவிட்டுச் செருப்பில்லாத காலோடு கடற்கரை வீதியால் வெளிச்சவீடு வரை நடந்துவிட்டு வருவார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் தேநீர் குடிக்காமல் எழும்புவது, அந்த வீட்டில் பெண் எடுத்துவிட்டு விட்டுப்போவதற்குச் சமம். சீனி வருத்தம் என்றால், "கொஞ்சமாத்தான் போட்டனான்," என்று கரண்டி நிமிர்ந்து நிற்கும் தேநீரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டு வருத்தப்படுவார்கள். தியாகலிங்கம் கோப்பையை வாங்கி, எழுந்து நின்று, "வாய் வைக்காத தேத்தண்ணி! ஆவி பறக்குது! ஆருக்கு?" என்று கூறி விற்றுவிடுவார். வாங்குவதற்கு எப்போதும் ஒருவர் இருப்பார். வீட்டுக்காரிக்கும் மனக்குறை இல்லை. அவளுடைய தேநீருக்குப் போட்டி நடந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து அவரைத் துறவி என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்பு என்றால் அவருடைய மூக்குக்கு இப்போதும் கண் தெரியும். வேறுபாடு ஒன்றுதான். அவர் ஒளித்துத் தின்பதில்லை. தின்பதானால் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, கூறிவிட்டுத் தின்பார். பின்வீட்டுச் சுவர்ணாவின் குழந்தைக்கு முதற்பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை அவித்தார்கள். குழந்தையைப் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டைகளைச் சொரிந்தார்கள். உருண்டு வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு தியாகலிங்கம் வேலியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஞானம்! கொழுக்கட்டை ஒண்டு! பயறும் சர்க்கரையும்! ஒரு தரம்!"

வேலிக்கு அப்பால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு. இந்த முறை சரி என்று அர்த்தம். அவர் கண்ணை மூடி, அந்த ஒரு கொழுக்கட்டையை ஒரு திருவிழாவைப் போல நடத்தி முடித்தார். அந்தக் கூவலின் அதிர்ச்சியில் குழந்தைக்கு இரண்டாவது பல்லும் அப்போதே வெளியே வந்துவிட்டது. சுவர்ணாவே சொல்கிறாள்.

இந்தப் பகிரங்கத்துக்குக் காரணம் அவருடைய தமையன் பரமலிங்கம். ஒழுங்கை முகப்பில் இருக்கிறார். அவருக்கும் இதே வருத்தம், இவருக்கு முன்னரே வந்தது. அவர் ஒளித்தவர். பழைய வானொலிப் பெட்டியில் பற்றரி வைக்கும் இடத்தில் தொதல் என்ற இனிப்பை வைத்திருந்தார். அந்த வீட்டில் செய்தி கேட்கப் போனவர்களையெல்லாம் எறும்பு கடித்தது. யாராவது தடுத்தால், "ஒருநாள்தானே," என்பார். அவருடைய ஒருநாள் கிழமையில் எல்லா நாளும் வந்தது. கடைசியில் வலது கால் விரலில் ஒரு சிறு புண் வந்தது. அது ஆறவில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. இப்போது செயற்கைக் காலில் நடக்கிறார். நல்ல மனிதர், சிரிப்புக்குக் குறைவில்லை. "ஒரு செருப்புத்தானே தேயுது, லாபம்," என்பார். ஆனால் அவர் படி ஏறும்போது தியாகலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

பனங்கட்டி பிடிபட்ட அன்று ஞானாம்பிகை எல்லா இனிப்பையும் ஒரேயடியாகத் தடைசெய்தாள். நீண்ட பேரம் நடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் சாட்சி. வடைக்கு வழி பிறந்தது. கொழுக்கட்டைக்கு, யார் வீட்டுப் பிள்ளைக்காவது பல் முளைத்தால் மட்டும் வழி பிறந்தது. மிச்சம் ஒன்றுதான்.

"ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்காமல் நான் இருக்க மாட்டன். அதைச் சொல்லிப்போட்டன்."

"பனங்கட்டி கரைச்சுக் காய்ச்சிறது. டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"வருசத்துக்கு ஒருக்கா ஞானம். அண்டைக்கு மத்தியானம் சோறு வேண்டாம். வெளிச்சவீட்டுக்கு ரெண்டு தரம் நடக்கிறன்."

"ஒரு இலை," என்றாள் ஞானாம்பிகை.

"ஒரு இலை. ரீச்சரக்கா, கேட்டியள்தானே? ஒரு இலை, மூண்டு தரம்!"

ஆடிக்கூழைக் கோப்பையில் குடிப்பவர்கள் உண்டு. எங்கள் ஒழுங்கையில் பலாவிலையைக் கோலி, ஈர்க்குத் துண்டால் குத்தி, அதில் வார்த்துத்தான் குடிப்போம். பேரம் முடிந்த கையோடு தியாகலிங்கம் கொல்லைப்புறத்துப் பலாமரத்தடிக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். எத்தனை இலை என்றுதான் உடன்படிக்கை. எந்த இலை என்று அதில் இல்லை.

சித்திரையில் தளிராக இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தார். தாழ்ந்த கொப்பு, தெற்கு வெயில். மீன் கழுவிய தண்ணீரையெல்லாம் அந்த மரத்துக்கே ஊற்றினார். எங்கள் வீட்டு ஆடு அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியதும், பழைய வலைத் துண்டால் கொப்பைச் சுற்றிக் கட்டினார். காலையில் கடற்கரையால் வந்ததும் முதலில் இலையைப் பார்ப்பார், பிறகுதான் மனைவியை. வைகாசி கழிந்தபோது இலை அகன்று விரிந்தது. யானைக் காது அளவு என்றால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். யானைக்குட்டியின் காது. அதன் நிழலில் ஒரு காகம் மத்தியான நேரத்தில் படுத்திருப்பதை நான் கண்ணால் கண்டேன். ஞானாம்பிகையும் எல்லாவற்றையும் கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது கவனமாக இருக்க வேண்டும் என்பது கலியாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

ஆனியில்தான் அது நடந்தது.

ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்து, வழக்கம்போலக் குசினி வாசலில் நின்று, "முக்கால்!" என்று தொடங்கினார். ஞானாம்பிகை அன்று திரும்பிப் பார்த்தாள். அவர் நடந்து வந்த வழியெல்லாம் சீமெந்தில் சிவப்பாக அடையாளம் விழுந்திருந்தது. வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில், கெளிற்று மீனின் முள் ஒன்று முறிந்து உள்ளே நின்றது. கெளிற்று முள் குத்தினால் பனையேறியும் அழுவான்.

"இஞ்சாருங்கோ, கால்!"

குனிந்து பார்த்தார்.

"எப்ப குத்தினது?"

"தெரியேல்லை."

"நோகேல்லையோ?"

அவர் விரலை ஆட்டிப் பார்த்தார். "இல்லை," என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சாதாரண மனிதரின் குரலில் சொன்னார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை. ஞானாம்பிகை பிறகு சொல்லித்தான் தெரியும்.

செய்தி கேட்டுப் பரமலிங்கம் வந்தார். செயற்கைக் காலை நீட்டி வைத்துக்கொண்டு தம்பியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். அவர் ஏதாவது பகிடி விடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"எனக்கும் தெரியேல்லைத்தான், தம்பி," என்றார். "செருப்பு வேணுமெண்டால் என்னட்டை ஒரு பக்கம் பாவிக்காமல் புதுசாய்க் கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

டொக்டர் நிரோஜா முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார். கால் விறைக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். சீனி இறங்காவிட்டால் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றார். "ஆடி பிறக்க முந்தி ரத்தத்தை ஒருக்காப் பாப்பம் ஐயா. இறங்காட்டில் நான் தந்த தவணை முடிஞ்சுது. வாட்டிலை மறிச்சு ஊசி துவங்குவன். இனி வெறுங்காலோடை நிக்கவும் கூடாது."

மறுநாள் தியாகலிங்கம் கட்டுப்போட்ட விரலை மூடிய றப்பர் சப்பாத்தோடு கடற்கரைக்குப் போனார். மீன் வாங்க நின்ற பெண்கள் விடவில்லை. "மாப்பிள்ளை வாறார், விலகுங்கோடி!" என்றாள் ஒருத்தி. "தாலி எங்கை அண்ணை?" என்றாள் இன்னொருத்தி. அவர் சூடை மீனிலிருந்து ஏலத்தைத் தொடங்கினார். குரல் வழக்கமான குரல்தான். ஆனால் அன்று அக்கரையிலிருந்து யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

வீட்டில் ஏலம் நின்றுவிட்டது. ஞானாம்பிகை வைத்ததைச் சாப்பிட்டார். வடை இல்லை. கொழுக்கட்டை இல்லை. அந்த நாட்களில் ஒழுங்கையில் இரண்டு குழந்தைகளுக்குப் பல் முளைத்தும் அவர் போகவில்லை. மாலையில் புண்ணைக் கழுவி, ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து, பாதத்தின் அடியைப் பார்ப்பார். நடக்கக் கூடாத நாட்களில் கதிரையில் இருந்தபடி கையைக் காலை வீசினார். டொக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மனிதர் இல்லாத மீனை விற்பது போலிருக்கும். பலாவிலையை மட்டும் மறக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கும் பார்வையில் உரிமை குறைந்து, விசாரிப்பு வந்திருந்தது. அந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு நேரம் தெரியாமல் இரண்டு தரம் சோறு கருகியது.

ஆடி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னர், காலையில் வெறுவயிற்றோடு பஸ் ஏறிப் போனார். மத்தியானம் ஒழுங்கை முகப்பில் ஒரு சத்தம் எழுந்தது.

"எட்டு தசம் ரெண்டு!"

நான் வாசலுக்கு ஓடினேன். அது சித்திரையில் வந்த தொகை. பரமலிங்கத்தின் படலையைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஏழு தசம் எட்டு! ஏழு தசம் அஞ்சு! கீழை கேள்வி இருக்கோ?"

சுவர்ணா குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தை அழத் தயாரானது.

"ஏழு! ஏழுக்குக் கீழை?"

குசினியில் சட்டி தட்டும் சத்தம் இல்லை. ஞானாம்பிகை கையில் மாவோடு வாசலில் நின்றாள்.

"ஆறு தசம் ஒன்பது!" என்றார். "ஆறு தசம் ஒன்பது, மூண்டு தரம்! இறக்கிப்போட்டன் ஞானம்!"

அவள் உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் மூக்குச் சீறும் சத்தம் கேட்டது. வெங்காயம் உரித்ததாகப் பிறகு சொன்னாள். அன்று அவர்கள் வீட்டில் வெங்காயம் போட்டு ஒரு கறியும் இல்லை.

புண் காய்ந்து வந்தது, முழுவதும் ஆறவில்லை. டொக்டர் நிரோஜா தவணையை நீட்டியிருந்தார். கூழைப் பற்றியும் இவர் விடாமல் கேட்டிருக்கிறார். "கொஞ்சம் குடியுங்கோ ஐயா. அண்டைக்குச் சோறு வேண்டாம். ஒரு இலையோடை நிப்பாட்டத் தெரிஞ்சால் குடியுங்கோ. தெரியாட்டில் துவங்காதேங்கோ," என்றாராம்.

ஆடிப்பிறப்பன்று பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்தார்கள். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்து கொதிக்கும் மணம் வேலிகளை மதிக்கவில்லை. பரமலிங்கம் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வசதியாக இருந்தார். அவருடைய வீட்டில் ஒரு கோப்பையோடு நிறுத்துவார்கள் என்பதால் இங்கே வந்திருந்தார். நானும் என் இலையோடு போய் இருந்தேன்.

தியாகலிங்கம் மத்தியானம் மீனும் வறையும் மட்டுமே சாப்பிட்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, கத்தியோடு பலாமரத்தடிக்குப் போனார். வலையை அவிழ்த்தார். இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பூரண கும்பத்துக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. கோலி, ஈர்க்குக் குத்தினார். ஒரு சிறு தோணி போலிருந்தது. துடுப்பு இருந்தால் காங்கேசன்துறைக்குப் போய் வரலாம்.

ஞானாம்பிகை இலையைப் பார்த்தாள். சிரட்டை அகப்பையால் ஒரு முறை அள்ளி வார்த்தாள். அவ்வளவு பெரிய இலையின் அடியில் கூழ், வற்றின குளத்தில் தண்ணீர் கிடப்பது போலக் கிடந்தது.

"என்ன ஞானம் இது? ஒரு இலை எண்டெல்லோ பேச்சு?"

"இலை உங்கடை. அகப்பை என்ரை."

பரமலிங்கம் சிரித்துச் சிரித்துப் பாயிலிருந்து சரிந்தார். தியாகலிங்கம் என்னைப் பார்த்தார். சாட்சி என்ற முறையில் நான் கூழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குடித்தார். அவசரம் இல்லை. ஒரு பயற்றை நாக்கில் பிடித்து வைத்திருந்து, பிறகு கடித்தார். தேங்காய்ச் சொட்டுத் துண்டு ஒன்று அகப்பட்டபோது கண்ணை மூடினார். ஒரு வருடத்தை அந்தக் கொஞ்சத்துக்குள் போட்டு மென்றார். நாங்கள் இரண்டாவது இலையை முடித்தபோது அவர் முதலாவதின் அடியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஞானம், பாவம், அவனுக்கு இன்னொண்டு வார்," என்றார் பரமலிங்கம். வாயோரம் கூழ் ஒட்டியிருந்தது. "அவ்வளவு பெரிய இலை. சித்திரையிலையிருந்து வளத்தவன். ஒருநாள்தானே."

பாயில் அவருடைய கால், சப்பாத்துப் போட்டபடி, எங்களோடு கூழ் குடிக்க வந்தது போலத் தனியே நிமிர்ந்து நின்றது.

ஞானாம்பிகை பானைக்குள் அகப்பையை விட்டாள். இந்த முறை நிறைய அள்ளினாள். பிடிவாதமெல்லாம் போய், இலையின் பெருமைக்கு அவளும் மசிந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அல்லது ஆறு தசம் ஒன்பதுக்கு. "இந்தாங்கோ, ஒருக்காத்தானே. நீட்டுங்கோ," என்றாள். ஆவி பறக்கும் அகப்பை இலைக்கு மேலே வந்து நின்றது.

தியாகலிங்கம் இலையை நீட்டினார். அகப்பையைப் பார்த்தார். றப்பர் சப்பாத்துக்குள் விரலை ஆட்டினார், அது வெளியே தெரிந்தது.

"ஒரு தரம்," என்றார், மெதுவாக.

அகப்பை சாயத் தொடங்கியது.

"ரெண்டு தரம்."

மூன்றாவதை நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். அவர் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இலையைக் குத்தியிருந்த ஈர்க்கைப் பிடித்து, உருவி எடுத்தார். இலை அவருடைய உள்ளங்கையில் தட்டையாக விரிந்தது.